மேடையை அளந்தீர்களா? கல்யாண அலங்காரம்: வாசகர் கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து கல்யாண வேலையில் இருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மேடை வேலையும் பூ வேலையும் தெரிந்தவர்கள் பதில் சொல்கிறார்கள்.

வைகாசியில் எனக்குக் கல்யாணம். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை நாலரை–ஆறு முகூர்த்தம். வெள்ளையும் வெளிர் ரோஸும் கலந்த மேடைதான் ஆசை. போனில் இருபது படம் சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டிலோ ‘கல்யாண மேடைக்கு வெள்ளையா?’ என்கிறார்கள். டெக்கரேஷன்காரரின் ஆல்பத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது. எதை வைத்து முடிவெடுப்பது?
(வாசகி, பாலக்கோடு)

படங்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு டேப்போடு மண்டபத்துக்குப் போங்கள். மேடையின் அகலம், உள்ளாழம், தரையிலிருந்து மின்விசிறி வரை உயரம், இந்த மூன்றும் வேண்டும். நீங்கள் சேர்த்த படங்களில் பாதி, முப்பது நாற்பது அடி அகல மேடையில் எடுத்தவையாக இருக்கும். அதையே இருபது அடியில் அடக்கினால் அலங்காரம் சுருங்காது, ஆட்கள் நிற்கும் இடம்தான் சுருங்கும்.

உள்ளாழத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்திரையும் அதைத் தாங்கும் சட்டமும் 2 அடி. ரிசப்ஷன் சோபா 3 அடி. மொய் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் நிற்க 4 அடி. விளிம்பில் யாரும் தவறி விழாமலிருக்க 1 அடி. ஆக 10 அடி. காலையில் கணக்கு மாறும். மணைக்கு 3 அடி, ஓமகுண்டமும் அதற்கு முன்னுள்ள இடைவெளியும் 4 அடி. இவை போக மணமக்களுக்குப் பின்னால் நாத்தனாரும் தாய்மாமனும் நிற்க 3 அடி. இந்தக் கடைசி 3 அடியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மூன்றாவது முடிச்சுப் போட நாத்தனார் குனியும்போது முதுகில் பூத்தூண் இடித்துச் சரிந்தால், அலங்காரம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. மேடை 12 அடிக்குள் என்றால் முன்னே துருத்தும் வளைவு, தூண், தொங்கும் கூண்டு எதுவும் வேண்டாம். தட்டையான பின்திரையே போதும்.

இனி வெள்ளையா மஞ்சளா என்ற சண்டை. மாலைக்கு ஒன்று, காலைக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டால் இரண்டு தரப்பும் ஜெயிக்கலாம். ரிசப்ஷன் முடிந்து மேடை காலியாக இரவு பதினொன்று ஆகும். மூன்றரைக்கு ஐயர் சாமான் விரிக்க வந்துவிடுவார். இடையில் இருப்பது நாலரை மணி நேரம். முழுப் பூச்சுவரைப் பிரித்து இன்னொன்று கட்ட நான்கு பேருக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. அதனால்தான் மந்திரம் ஒரு பக்கம், ஸ்டேப்ளர் சத்தம் ஒரு பக்கம் என்று சில முகூர்த்தங்கள் நடக்கின்றன. இதைத் தவிர்க்க, அடிப்படைத் திரை மாறக்கூடாது. மேலே தொங்குவது மட்டும் மாற வேண்டும். பச்சை இலை அல்லது சந்தன நிறத் துணியில் அடித்திரையை வைத்துக்கொள்ளுங்கள். பூச்சரங்களை 5 அடிக் குழாய்களில் முன்பே தொங்கவிட்டு வைத்திருந்தால், நான்கு குழாயை இறக்கி நான்கை ஏற்றுவது அரை மணி நேர வேலை.

வைகாசியில் குண்டுமல்லி வரத்து நன்றாக இருக்கும். மதியம் மொட்டாகக் கட்டிய சரம் இரவு ஏழு, எட்டு மணிக்கு விரியும். ரிசப்ஷன் நடக்கும்போதே மேடை மணக்கும். விடியும்போது பழுப்பேறிவிடும், ஆனால் அதற்குள் நீங்கள் அதை இறக்கியிருப்பீர்கள். வெள்ளை வேண்டும் என்பதற்காக வெள்ளை ரோஜாவைப் போடாதீர்கள்; கைபட்ட இடமெல்லாம் அந்த வெயிலில் பழுப்புப் புள்ளியாகும். வெளிர் ரோஸைத் துணியிலும் பின்திரையில் விழும் விளக்கு வெளிச்சத்திலும் கொண்டுவாருங்கள்.

காலைக்குச் செண்டுமல்லிச் சரம். 20 அடி அகலத்தில் அரை அடிக்கு ஒரு சரம் என்றால் 41 சரம். 8 அடி நீளத்துக்கு மொத்தம் 328 அடி. எத்தனை கிலோ பூ என்று யாரிடமும் கேட்க வேண்டாம்: கால் கிலோ வாங்கி ஓரடி கோத்து எடை போடுங்கள். ஓரடி 70 கிராம் வந்தால் 23 கிலோ. உதிர்வுக்கும் அழுகலுக்கும் நூற்றுக்குப் பதினைந்து சேர்த்தால் 27 கிலோ. இடையிடையே இலை வைத்துக் கோத்தால் பூ குறையும், பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

புடவை விஷயம் ஒன்று. கூரைப்புடவை அரக்கு அல்லது சிவப்பு என்றால் பின்னால் சிவப்பு ரோஜாச் சுவர் வேண்டவே வேண்டாம். படத்தில் உங்கள் முகம் மட்டும் மிதக்கும். புடவையின் முந்தி நுனியை டெக்கரேஷன்காரரிடம் காட்டிவிட்டே நிறம் பேசுங்கள்.

எங்கள் ஊரைச் சுற்றிப் பசுமைக்குடில்கள்தான். ஜெர்பரா, கார்னேஷன், ரோஜா நேரடியாகக் கிடைக்கும். நானும் நண்பர்களும் சேர்ந்து ரிசப்ஷன் மேடையை நாங்களே செய்துவிடலாமா? தை மாதக் கடைசியில் கல்யாணம்.
(வாசகர், தேன்கனிக்கோட்டை)

செய்யலாம். ஆனால் முழு மேடை வேண்டாம். பின்திரைத் துணி, சட்டம், விளக்கு இவற்றை வாடகைக்காரரிடம் விட்டுவிட்டு, மேலே 12 அடி நீளப் பூப்பட்டை ஒன்றை மட்டும் உங்கள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கு ஒரு ஓயாசிஸ் கட்டி (தண்ணீர் குடித்துப் பூக்காம்பைப் பிடித்து நிறுத்தும் பஞ்சு போன்ற கட்டி), மொத்தம் 12. கட்டிக்குப் பதினைந்து பூ வீதம் 180. 80 கார்னேஷன், 60 ஜெர்பரா, 40 ரோஜா என்று வைத்தால், இருபது பூக் கட்டாக வரும் கார்னேஷன் 4 கட்டு, ரோஜா 2 கட்டு, பத்துப் பூக் கட்டாக வரும் ஜெர்பரா 6 கட்டு. உடைந்தவைக்கு வகைக்கொரு கட்டு கூடுதல். அரெக்கா பாம் இலையும் ஆஸ்பராகஸும் முதலில் குத்தி ஓயாசிஸ் தெரியாமல் மறைத்துவிட்டால், இந்தப் பூவே நிறைவாகத் தெரியும். பூவை முதலில் குத்தி இலையால் இடைவெளி நிரப்பினால் இரட்டிப்புப் பூ பிடிக்கும்.

புதிதாகச் செய்பவர்கள் ஓயாசிஸிலேயே தவறுகிறார்கள். கட்டியைத் தண்ணீருக்குள் கையால் அமுக்கக் கூடாது. அகலமான டப்பில் மிதக்கவிட்டால் தானே குடித்து மூழ்கும். அமுக்கினால் வெளியே நனைந்து உள்ளே காற்று நின்றுவிடும். அந்த இடத்தில் குத்திய காம்பு தண்ணீர் இல்லாமல் இரண்டு மணி நேரத்தில் தலை சாயும். ஒருமுறை காய்ந்த கட்டியும் திரும்பச் சரியாக நனையாது. குத்திய காம்பை ஆழம் போதவில்லை என்று லேசாக வெளியே இழுத்தால் அடியில் வெற்றிடம் விழும். முழுதாக எடுத்து வேறு இடத்தில் குத்துங்கள். நனைந்த கட்டி ஒன்று 2 கிலோ. பன்னிரண்டுக்கு 24 கிலோ, பூவும் இலையும் சேர்ந்து முப்பதை நெருங்கும். துணி தொங்கும் மெல்லிய குழாய் இதைத் தாங்காது; இரும்புச் சட்டத்தில் கம்பியால் கட்டுங்கள், இன்சுலேஷன் டேப்பை நம்பாதீர்கள்.

பூவை முதல் நாள் மாலையே எடுத்து வந்து, காம்பின் அடியை ஓரங்குலம் சாய்வாக வெட்டி, குறைந்தது நான்கு மணி நேரம் நிழலில் தண்ணீர் குடிக்க வையுங்கள். ரோஜாவுக்குக் கழுத்தளவு தண்ணீர் ஆகும். ஜெர்பராவுக்கு இரண்டங்குலம் போதும். அதன் காம்பில் பூனைமயிர் இருப்பதால் ஆழத் தண்ணீரில் அழுகும். லிட்டருக்கு இரண்டு சொட்டு பிளீச்சிங் திரவம் விட்டால் தண்ணீர் குழகுழப்பாகாது.

கார்னேஷனுக்கு ஒரு எச்சரிக்கை. மண்டபத்தின் சாமான் அறையில், வாழைத்தாருக்கும் பழக்கூடைக்கும் பக்கத்தில் அதை வைக்காதீர்கள். பழம் பழுக்கும்போது விடும் எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் இதழை உள்ளே மடித்துக்கொண்டு தூங்கிப்போகும். பிறகு எத்தனை தண்ணீர் தெளித்தாலும் விரியாது.

தை மாதக் கடைசி என்பதால் விலையையும் சொல்ல வேண்டும். பிப்ரவரி 14-க்கு முந்தைய இரண்டு வாரம் ஓசூர் ரோஜா, அதிலும் தாஜ்மகால் சிவப்பு, வெளிநாட்டுக்கும் வெளியூர்களுக்கும் போகும். உங்கள் வீட்டுக்கு எதிர்க்குடிலில் பூத்தாலும் உங்களுக்கு மலிவாகக் கிடைக்காது. அந்தத் தேதியென்றால் ரோஜாவைக் கைவிட்டு ஜெர்பராவைக் கூட்டுங்கள். இன்னொன்று, ஓயாசிஸ் மக்காத பொருள். வேலை முடிந்ததும் அதை வயலிலோ ஏரிக்கரையிலோ கொட்டாமல் குப்பை வண்டியில் தனியாகக் கொடுங்கள்.

தீர்த்தமலையில் தாலி கட்டுவதாக வேண்டுதல். கோயிலில் என்ன அலங்காரம் செய்யலாம்?
(வாசகி, அரூர்)

மிகக் குறைவாக. கோயில் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும். கல்தூணில் ஆணி, பசை டேப், வண்ணப்பொடி எதுவும் கூடாது. நூல்கயிற்றில் கோத்த மாவிலைத் தோரணம், இரண்டு குத்துவிளக்கு, ஒரு கோலம், மாலைகள் போதும். அந்தக் கல்மண்டபத்தின் முன் துணியும் நெட்டும் தொங்கவிட்டால் இருக்கிற அழகும் போய்விடும். செலவழிக்க ஆசை இருந்தால் மாலையில் செலவழியுங்கள். கோயில் கல்யாணப் படங்களில் பூ என்று தெரிவது அதுதான்.

அக்கா கல்யாணப் படங்களில் எல்லார் முகமும் ஊதாவாக இருக்கிறது. போட்டோகிராபர் விளக்குக்காரரைக் குறை சொல்கிறார், அவர் இவரை. என் கல்யாணத்தில் இது நடக்காமல் இருக்க என்ன சொல்ல வேண்டும்?
(வாசகி, கிருஷ்ணகிரி)

இருவரையும் ஒரே நேரத்தில் மண்டபத்துக்கு வரச் சொல்லுங்கள். தனித்தனியாகப் பேசினால் இப்படித்தான் முடியும்.

வண்ணப் ‘பார்’ (PAR) விளக்குகள், அதாவது மேடையில் வண்ண ஒளி பாய்ச்சும் விளக்குகள், சுவரையும் பின்திரையையும் மட்டுமே பார்க்க வேண்டும். முகத்தில் விழுவது வெதுவெதுப்பான வெள்ளை, அதாவது வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கணக்கில் 3000 கெல்வின் அளவு, ஒரே வகையாக இருக்க வேண்டும். மண்டபத்தின் டியூப்லைட் 6500 கெல்வின். அது மேடைக்கு மேல் எரிந்தால் நெற்றி நீலமாகவும் கன்னம் மஞ்சளாகவும் விழும். மேடைக்கு நேர்மேலே உள்ளவற்றை அணைக்கத் தனி சுவிட்ச் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். முன்விளக்கு இரண்டும் மேடையின் இரு மூலைக்கு நேராக, ஆள் உயரத்துக்கு மேலே, சாய்வாக வர வேண்டும். நேர் எதிரே ஒன்று மட்டும் வைத்தால் பின்திரையில் மணமக்களின் கறுப்பு நிழல் விழும்.

பின்னால் எல்இடி திரை வைக்கும் எண்ணம் இருந்தால் நன்றாக யோசியுங்கள். கேமராவில் கோடுகோடாக விழும், ஓடும் படத்துக்கு ஏற்ப முக நிறமும் மாறிக்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் வைத்தால் தொல்லையில்லை.

மின்கணக்கையும் விட்டுவிடாதீர்கள். 150 வாட் பார் விளக்கு 12 என்றால் 1.8 கிலோவாட். அதோடு முன்விளக்கு, சீரியல் செட், பாட்டு சிஸ்டம். எல்லாவற்றையும் மேடையோரத்து ஒரே பிளக்கில் சொருகுவதால்தான் தாலி கட்டும் நேரத்தில் எம்சிபி (சுமை கூடினால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது. ஜெனரேட்டரில் மேடை முழுவதும் இருக்கிறதா, விளக்கு மட்டுமா என்று கேளுங்கள். பல மண்டபங்களில் மேடைப் பிளக் ஜெனரேட்டரில் இருக்காது. சூடாகும் ஹாலஜன் பழைய இடங்களில் இன்னும் உண்டு. பூவுக்கும் துணிக்கும் அதிலிருந்து 3 அடி தள்ளி இடம் விடுங்கள்.

ஆவணியில் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டுக் கல்யாணம். பிளாஸ்டிக் பூ, தெர்மாகோல் எதுவும் இல்லாமல் செய்ய ஆசை. மழை பயமும் இருக்கிறது.
(வாசகர், ஊத்தங்கரை)

மழையை முதலில் பார்த்துவிடுவோம். தட்டைப் பந்தல் வேண்டாம். பத்துக்குப் பத்து அடி தார்ப்பாயில் இரண்டங்குலம் தண்ணீர் தேங்கினாலே ஏறக்குறைய 470 கிலோ, மூங்கில் முறியும். 10 அடி அகலத்துக்கு 2 அடி சரிவு கொடுத்துத் தகரப் பந்தல் போட்டு, உள்ளே கீற்றோ துணியோ கட்டுங்கள். தண்ணீர் விழும் பக்கம் சமையல் பக்கமாகவும் இருக்கக் கூடாது, பக்கத்து வீட்டு வாசலாகவும் இருக்கக் கூடாது.

பொருளுக்குப் பஞ்சமில்லை. குலையோடு வாழைமரம் இரண்டு, கூந்தல்பனைக் கொத்து, ஈச்சங்குலை, செவ்விளநீர்க் குலை, தென்னம்பாளை, குருத்தோலை. இதில் சிலதைப் போட்டாலே வாசல் நிறையும். எல்லாவற்றையும் ஒரே தூணில் கட்டினால் சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும். வாசலுக்கு வாழையும் கூந்தல்பனையும், உள்ளே குருத்தோலையும் பாளையும் என்று பிரியுங்கள். பத்துக் காய் இளநீர்க் குலை 15 கிலோவைத் தாண்டும். காம்புக்குள் கயிறு கோத்து ஊன்றுகாலில் கட்ட வேண்டும், குறுக்கு மூங்கிலில் தொங்கவிடக் கூடாது.

மாவிலைக்கு அடிக்கு நான்கு இலை. நூறு அடிக்கு 400. தளிர் ஒரு மணி நேரத்தில் துவளும், முற்றிய இலையாகப் பறியுங்கள். முதல் நாள் மாலை கோத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, விடியற்காலையில் கட்டலாம். குருத்தோலையையும் ஈரத்துணியில் சுருட்டியே வையுங்கள்; காற்றுப்பட்டால் சுருளும். இரண்டுக்கும் ஸ்டேப்ளர் பின் வேண்டாம். வெறுங்காலோடு நடக்கும் இடத்தில் அது உதிரும். நார் அல்லது சணல் போதும்.

ஓயாசிஸுக்குப் பதிலாக வாழைத்தண்டில் குச்சியால் துளையிட்டுப் பூ குத்தலாம். தண்டின் ஈரமே பூவுக்குப் போதும். ஓரடி நீளத் துண்டு ஒன்றே மூன்று கிலோவுக்கு மேல் வரும் என்பதால் தரையோர அலங்காரத்துக்கு மட்டும். வெட்டியதும் இரண்டு மணி நேரம் கறையை வடியவிடுங்கள். பட்டுப்புடவையில் வாழைக்கறை பட்டால் போகாது. மணையை ஒட்டி வாழைத்தண்டு வரவே கூடாது.

பிளாஸ்டிக் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்கிறோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையில் இருக்கும் பட்டியலில், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டும், துணி போலவே தெரியும் நான்–ஓவன் பையும் உண்டு. தாம்பூலப் பையை அந்த வகையில் அச்சடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். பருத்தி மஞ்சப்பையாகக் கேட்டு வாங்குங்கள்.

மாம்பழச் சீசனில் கல்யாணம். மேடையில் மாம்பழத்தையே அலங்காரமாக வைக்கலாமா?
(வாசகி, காவேரிப்பட்டணம்)

பழம் வேண்டாம். எறும்பு வரும், ஈ வரும், விளக்குச் சூட்டில் கனிந்து வழியும். காயாக வையுங்கள்: இலையோடும் காம்போடும் கொத்தாக வெட்டிய பச்சைக் காய் இரண்டு நாள் அசையாது. காம்பு வெட்டிய இடத்தில் வடியும் பால் தோலில் பட்டால் சிலருக்குப் புண்ணாகும், பட்டிலும் கறை விழும்; தலைகீழாகப் பிடித்து வடியவிட்டு, துடைத்த பிறகே மேடைக்குக் கொண்டுபோங்கள். பழங்களை வரவேற்பு மேசையில் கூடையில் வைத்தால் வருகிறவர்கள் எடுத்துச் சாப்பிட்டாவது போவார்கள்.

டெக்கரேஷன்காரரிடம் எல்லாம் வாய்ப்பேச்சாகவே இருக்கிறது. முன்பணமும் கொடுத்தாயிற்று. தாளில் என்னென்ன எழுதி வாங்க வேண்டும்?
(வாசகர், பர்கூர்)

முன்பணம் கொடுத்த பிறகும் எழுதி வாங்கலாம், கூச்சப்பட வேண்டாம். ‘மேடை அலங்காரம், மொத்தம் இவ்வளவு’ என்ற ஒற்றை வரியில்தான் பின்னால் சண்டை வருகிறது. மேடை, நுழைவாயில், நடைபாதை, பெயர்ப் பலகை, மணவறைக்கு மேலுள்ள விதானம், மாலை, மணமகளின் ஜடை அலங்காரம், கார்ப்பூ என்று உருப்படிக்கு உருப்படி தொகை பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஜடையும் காரும் இதில் சேர்த்தி என்று நீங்கள் நினைப்பீர்கள், சேர்த்தியில்லை என்று அவர் நினைப்பார்.

நிஜப் பூ எது, செயற்கைப் பூ எது என்பதைப் படத்திலேயே பேனாவால் வட்டமிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். செயற்கைப் பூவே கூடாது என்பதில்லை. பத்தடி உயரத்தில் இருப்பதை யாரும் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. கண்மட்டத்திலும் கைமட்டத்திலும் நிஜப் பூ இருந்தால் போதும். ஆனால் நிஜப் பூ விலைக்குச் செயற்கைப் பூ வரக்கூடாது. செயற்கைப் பூ என்றால் தூசி தட்டித் துவைத்ததா என்று மாதிரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். பேசிய பூ அன்று மார்க்கெட்டில் இல்லையென்றால் எதைப் போடுவார் என்பதற்கு இரண்டாவது பூவின் பெயரையும் எழுதிவிடுங்கள். பெரிய முகூர்த்த நாளில் ராயக்கோட்டை, ஓசூர், தர்மபுரி மார்க்கெட் மூன்றிலும் ஒரே நேரத்தில் விலை ஏறும். ஏறினால் கூடுதல் யார் தலையில் என்பதும் அந்தத் தாளில் வர வேண்டும்.

நேரத்தை ‘மாலைக்குள்’ என்று எழுத விடாதீர்கள். ரிசப்ஷன் ஆறரைக்கு என்றால் மேடை ஐந்தரைக்குத் தயார். ஐந்தரைக்கு நீங்களோ உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரோ பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இரவு மாற்றத்துக்கு எத்தனை ஆள் தங்குவார்கள், அவர்களுக்குச் சாப்பாடு யார் பொறுப்பு என்பதும் எழுத வேண்டியதுதான். பசியோடு இருக்கிறவர் இரவு இரண்டு மணிக்கு ஏணியில் ஏறிக் கட்டும் முடிச்சு நிற்காது.

ஓமகுண்டத்துக்கும் துணிக்கும் 3 அடி இடைவெளி, விதானத்தின் உயரம் குறைந்தது 7 அடி, மேடையோரம் ஒரு தீயணைப்பான், ஒரு வாளி மணல் இவையும் சேரட்டும். நெட் துணி தீப்பொறி பட்டதும் உருகிச் சொட்டும்.

பணத்தைப் பாதி முன்பணம், கால்வாசி மேடை தயாரானதும், கால்வாசி பிரித்துச் சுத்தம் செய்த பிறகு என்று மூன்றாகப் பிரியுங்கள். பிரிப்பது யார் பொறுப்பு என்று எழுதாவிட்டால், ஆணி பிடுங்கியதற்கும் குப்பை அள்ளியதற்கும் மண்டபத்துக்காரர் உங்கள் டெபாசிட்டில்தான் கை வைப்பார். சாவி வாங்கும்போதே மேடைச் சுவரையும் தரையையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.